மூன்றாவது ஆணிக்குப் பின்னால்

கிசுரின் வலது கண்ணைத் திரையில் பெரிதாக்கியபோதுதான் அந்த இரண்டாவது கறை சால்வோரின் கண்ணில் பட்டது.

கிசுர் படகுக்காரர். எழுபதாவது பிறந்தநாள் விருந்துக்காக அன்று காலை வந்து படம் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவர் புருவத்தில் ஒட்டியிருந்த கம்பளி இழை ஒன்றை அழிப்பதற்காக அவள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். புருவம், இமை, வெளுத்த நீல விழி. விழியின் ஈரத்தில் ஸ்டூடியோவின் பெரிய ஜன்னல் வெள்ளைச் சதுரமாக வளைந்து தெரிந்தது. சதுரத்தின் நடுவே, கேமராவைப் பிடித்தபடி, எறும்பளவு கறுப்பாக அவள். ஆட்களைப் படம் எடுக்கும் எவருக்கும் இது பழகிய காட்சி. உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குள் எடுப்பவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்தப் படத்தில் அவளுக்குப் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார்.

மெலிந்த உருவம். கைகள் பக்கவாட்டில் தொங்கின. ஒரு தோள் மற்றதைவிடச் சரிந்திருந்தது. ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவில், அவள் முதுகைப் பார்த்தபடி.

சால்வோர் நாற்காலியோடு திரும்பிப் பார்த்தாள். நீளமான அறை காலியாகக் கிடந்தது. மதியம் தாண்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. ஆனால் நவம்பர் கடைசியில், வடகோடி ஊரான இசாஃபியோர்தூரில் மதியம் என்பது சாயங்காலத்தின் வேறு பெயர்தான். மலைக்குப் பின்னால் போன சூரியன் இனி ஜனவரிக் கடைசியில்தான் ஊருக்குள் எட்டிப் பார்க்கும். ஜன்னல் கண்ணாடியில் கடலின் சாம்பல் நிறம் படிந்திருந்தது. கீழே ஹெர்டிஸின் கம்பளிநூல் கடையில் வானொலி முணுமுணுத்தது. கோட்டு மாட்டும் கம்பியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அந்தக் கம்பி கதவுக்குப் பக்கத்தில், ஜன்னலுக்கு எதிரான கோடியில் இருந்தது.

கறையை அழித்தாள். அவ்வளவு சின்னது, ஒரே சொடுக்கில் போய்விட்டது.

ஒரு காலத்தில் அந்த மாடியில் உப்புக் கருவாட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். அதன்பின் வெகுகாலம் ஆஸ்கெய்ர் என்பவரின் ஸ்டூடியோவாக இருந்தது. அவர் இறந்த பிறகு பூட்டிக் கிடந்ததை இந்த ஆகஸ்டில்தான் சால்வோர் வாடகைக்கு எடுத்தாள். உட்காருபவரின் நாற்காலி உள்சுவரோரம். கடலைப் பார்த்த பெரிய ஜன்னல் எதிர்க்கோடியில். உட்காருபவர் வெளிச்சத்தைப் பார்ப்பார், எடுப்பவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்பார். நிற்கும் இடங்களை ஆஸ்கெய்ர் தரைப்பலகையில் பித்தளை ஆணி அடித்துக் குறித்திருந்தார். நாற்காலிக்குக் கிட்டத்தில் முதல் ஆணி, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸுக்கு. கொஞ்சம் தள்ளி இரண்டாவது, எண்பத்தைந்துக்கு. மூன்றாவது ஆணி நூற்று முப்பத்தைந்துக்கு. அது ஜன்னலை நோக்கி வெகுதூரம் தள்ளி இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் இப்போது ஆணி இல்லை. யாரோ பிடுங்கி, துளையில் மெழுகு அடைத்திருந்தார்கள்.

வந்த முதல் வாரமே சால்வோர் அந்த மெழுகின்மேல் ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டாள். அவளுக்கு நூற்று முப்பத்தைந்துதான் பிடித்த லென்ஸ். கிட்ட நின்று எடுத்தால் மூக்கு முன்னால் வந்து நிற்கும், காது பின்னால் ஓடிப்போகும். தள்ளி நிற்க நிற்க முகம் தன் அளவுக்குத் திரும்பி அமைதியாகிவிடும். உண்மையில் அதைச் செய்வது லென்ஸ் அல்ல, தூரம். தள்ளி நிற்பதற்கு லென்ஸ் ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு அவள் வந்ததே மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ளத்தான். இல்வாவுக்குப் பதின்மூன்று முடிந்திருந்தது. அப்பா டென்மார்க்கில், ஆர்ஹுஸில், புது மனைவியோடு இருந்தார். வசந்தத்தில் மாதாகோயிலில் திடப்படுத்தல் சடங்கு முடிந்து பெரியவளாகக் கணக்கானதும், அப்பாவோடு இருப்பதா அம்மாவோடு இருப்பதா என்று இல்வாவே சொல்லலாம் எனப் பெரியவர்கள் பேசி வைத்திருந்தார்கள். இல்வா இன்னும் எதுவும் சொல்லவில்லை. சால்வோரும் கேட்கவில்லை. காலையில் மகளின் சப்பாத்துகள் வாசலில் கிடக்கின்றனவா என்று பார்ப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொண்டாள்.

*

டிசம்பரில் பழைய படங்களை எடுத்துப் பார்த்தாள். பார்க்க வேண்டாம் என்று பல நாள் தள்ளிப்போட்ட பிறகு.

செப்டம்பர் படங்களில் அந்த உருவம் ஜன்னல் சட்டத்தோடு ஒட்டியிருந்தது. சட்டம் என்றே நினைத்திருப்பாள். அக்டோபரில் சட்டத்திலிருந்து பிரிந்திருந்தது. யார் உட்கார்ந்தாலும், குழந்தையோ கிழவரோ, பச்சைக் கண்ணோ பழுப்புக் கண்ணோ, அந்த வெள்ளைச் சதுரத்துக்குள் அதே சரிந்த தோள். ஒவ்வொரு படத்திலும் முந்தையதைவிட ஒரு தரைப்பலகை முன்னால். நடக்கவில்லை. நின்றபடியே கிட்ட வந்திருந்தது.

அது நின்றிருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் பண்ணி, உயரமான விளக்குக் கம்பம் ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் வந்த பள்ளி ஆசிரியையின் கண்ணில் விளக்குக் கம்பம் தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு அது நின்றிருந்தது.

அன்றே நூற்று முப்பத்தைந்தைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். எண்பத்தைந்தை மாட்டிக்கொண்டு இரண்டாவது ஆணிக்கு வந்தாள். ஒரு வாரத்துக்கு முதுகில் அந்தக் குளிர் இல்லை. குளிர் என்று ஒன்று இருந்ததே அது போன பிறகுதான் தெரிந்தது. குளிரோடு ஒரு வாடையும், பழைய இருட்டறையில் படம் கழுவும் மருந்தின் புளித்த காடி வாடை, ஈரக் கம்பளியோடு கலந்தது. அடுத்த வாரம் அந்த வாடை இரண்டாவது ஆணிக்கும் வந்து சேர்ந்தது. அவள் ஐம்பதை மாட்டினாள். முதல் ஆணிக்கு வந்தாள். உட்கார்ந்திருப்பவரின் மூச்சு கையில் படும் அளவுக்குக் கிட்டத்தில் நின்று, படம் எடுத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பு கம்பளிக்கடைக்கு இறங்கிப் போனபோது ஹெர்டிஸ் அவளுக்காகக் காத்திருந்தாள். அறுபது வயதுக்காரி, வாய் சும்மா இருக்காது. மேசைமேல் அவளுடைய படம், சால்வோர் எடுத்தது.

"வாம்மா. என் மூக்கை முன்னாடி அனுப்பிட்டு என்னைப் பின்னாடி வரச் சொல்லி எடுத்தியா?"

"கிட்ட நின்னு எடுத்தா முகத்துல உயிர் இருக்கும், ஹெர்டிஸ்."

"உயிர் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஒரு உருளைக்கிழங்குக்கு உயிர் வந்த மாதிரி இருக்கு." அவள் காபியை ஊற்றிச் சால்வோர் பக்கம் தள்ளினாள். "சீனி வேணாம்ல? நீயும் ஆஸ்கெய்ர் மாதிரியே ஆயிட்டு வர்ற."

சால்வோர் கோப்பையை எடுக்கவில்லை. "எப்படி?"

"அவரு என் அத்தை புருஷன்தானே. சின்ன வயசுல எவ்வளவு அழகா எடுப்பாரு தெரியுமா? ஊரே அவருகிட்டத்தான். அப்புறம் என்னாச்சோ, வருஷத்துக்கு வருஷம் கிட்டக் கிட்ட வந்துட்டாரு. கடைசியில லென்ஸு நம்ம மூக்குல இடிக்கும். கண்ணு போச்சுன்னு நெனைச்சோம்."

"கண்ணு போகலையா?"

"எங்க போச்சு! ஒரு நாள் திடீர்னு பழையபடி ஜன்னல் வரைக்கும் தள்ளிப் போய் நின்னு எடுக்க ஆரம்பிச்சாரு. படமெல்லாம் மறுபடி அப்படி ஒரு அழகு. ஆனா ஆளு என்னமோ…" ஹெர்டிஸ் ஒரு நூல்கண்டை எடுத்து உருட்டினாள். "இடதுகைக்காரரு. பை தூக்கித் தூக்கி அந்தத் தோளே சரிஞ்சிருக்கும். சீனிக்கட்டியைப் பல்லுல கடிச்சுக்கிட்டு அது வழியாத்தான் காபியை உறிஞ்சுவாரு, பழைய ஆளுங்க மாதிரி. அந்த நாளுக்கப்புறம் நிமிர்ந்து நடந்தாரு. வலது கையில கோப்பை. சீனியைத் தொடவே இல்லை. அத்தை சொல்லுவா, வீட்டுக்குள்ள ஒரு நல்ல விருந்தாளி தங்கியிருக்காருன்னு. இருபது வருஷம் அப்படியே இருந்துட்டுச் செத்துப்போனாரு."

"அந்த மூணாவது ஆணியை அவரா பிடுங்கினாரு?"

"எந்த ஆணி?" என்றாள் ஹெர்டிஸ். பிறகு சிரித்தாள். "முகத்தைப் பாரு! குளிர்காலத்துல எல்லாருக்கும் கொஞ்சம் மண்டை குழம்பும். சூரியன் வரட்டும், சரியாயிடும்."

*

சூரியன் வந்த நாள் தெளிவாக விடிந்தது. ஊரில் எல்லா அடுப்பிலும் அப்பம் வெந்தது. மெல்லிய அப்பத்தில் கிரீமும் ஜாமும் வைத்து மடித்து, மலை விளிம்பில் அந்த ஒளி தலைகாட்டும் சில நிமிடங்களைத் தெருவில் நின்று கொண்டாடினார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். சால்வோரும் கூட்டத்தில் நின்றாள். ஒளி முகத்தில் பட்டது. அந்த ஒரு கணம், எல்லாமே லென்ஸின் வேலை, தூக்கமில்லாத மூளையின் வேலை என்று முழுமனதாக நம்பினாள்.

மறுநாள் காலை விமானத்தில் இல்வா ஆர்ஹுஸுக்குப் போகிறாள், இரண்டு வாரத்துக்கு. திடப்படுத்தலுக்கான அழைப்பிதழில் போட வேண்டிய படத்தை அன்றே எடுத்தாக வேண்டும். ஹெர்டிஸ் தன் குடும்பத்துப் பழைய தேச உடையை இரவல் கொடுத்திருந்தாள். கறுப்பு ரவிக்கை, முன்பக்கம் வெள்ளிக் கொக்கிகள், குஞ்சம் தொங்கும் தொப்பி. ஒரு தட்டில் அப்பமும், குடுவையில் காபியும், சீனிக்கிண்ணமும் வைத்து மாடிக்கு அனுப்பியிருந்தாள்.

இல்வா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். உடைக்குள் திடீரென்று பெரியவளாகத் தெரிந்தாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்மலையின் பனியில் வெளிச்சம் ரோஜா நிறமாகி, ஏற்கெனவே மங்கிக்கொண்டிருந்தது. சால்வோர் ஐம்பதை மாட்டி முதல் ஆணியில் நின்றாள். நாலைந்து படங்கள் எடுத்துத் திரையைக் காட்டினாள்.

இல்வா பார்த்தாள். உதடு உள்ளே போனது.

"அழகா இருக்கே," என்றாள் சால்வோர்.

"அம்மா, அது மூக்கு இல்லை. கதவுக் கைப்பிடி."

"உங்கப்பா மூக்கு அது. நல்ல மூக்கு."

"நிஜத்துல இப்படியா இருக்கு? சொல்லு. என் வகுப்பு ஸ்வாலாவுக்கு நீ அக்டோபர்ல எடுத்தியே, அவ எப்படி இருந்தா! எனக்கு மட்டும் ஏன் அந்த லென்ஸைப் போட மாட்டேங்குற?"

"இது கிட்ட நின்னு எடுக்குறது. நெருக்கமா இருக்கும்."

"எனக்கு நெருக்கம் வேணாம். தள்ளிப் போ."

இல்வாவே தன் சொல்லைக் கேட்டுத் திடுக்கிட்டவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, குரலைத் தாழ்த்தி, "பரவாயில்லம்மா. அப்பா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூடியோ இருக்கு. அங்க எடுத்துக்குறேன். அப்பா, திடப்படுத்தலைக்கூட அங்கயே வச்சுக்கலாம்னு சொன்னாரு."

அவள் தொப்பியைக் கழற்றப் போனாள்.

சால்வோர் என்னென்னவோ யோசித்தாள். வீட்டில் எடுக்கலாம், கூரை தாழ்ந்த சின்ன வீடு, அங்கே தள்ளி நிற்க இடமில்லை. வெளியே எடுக்கலாம், வெளிச்சம் போய்விட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஜன்னல் பக்கம் உட்கார வைக்கலாம். அப்படிப் போட்டால் அது இல்வாவின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அந்த எண்ணத்தை அங்கேயே விட்டாள்.

சற்றுமுன் எடுத்த படத்தை மகளுக்குத் தெரியாமல் பெரிதாக்கினாள். இல்வாவின் கண். வெள்ளைச் சதுரம். அவள், பெரிதாக. அவளுக்குப் பின்னால் அது. நடுவே இடைவெளி கிட்டத்தட்ட இல்லை. இரண்டு நிழல்கள் தோளில் ஒட்டியிருந்தன.

இரண்டாவது ஆணிக்கும் முதல் ஆணிக்கும் நடுவில் அது வந்துவிட்டது. தள்ளிப் போவதென்றால் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"கழட்டாத," என்றாள் சால்வோர். "எடுக்குறேன். தள்ளி நின்னு எடுக்குறேன்."

இல்வா நிமிர்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு, கண்ணும் சேர்ந்து சிரித்தது. "நிஜமாவா?"

அந்தச் சிரிப்புக்காக ஒருவர் எவ்வளவு தூரமும் போகலாம்.

நூற்று முப்பத்தைந்து பெட்டிக்குள் குளிர்ந்து கிடந்தது. மாட்டித் திருகினாள், அது 'டிக்' என்று உட்கார்ந்தது. விளக்கைப் போட்டாள். சுவரோரமாக, பலகைகளின் விளிம்பைப் பார்த்தபடி, பக்கவாட்டில் நடந்தாள். முதல் ஆணி தாண்டியது. வாடை முகத்தில் வந்து மோதியது. காடி, ஈரக் கம்பளி, அதற்கடியில் இனிப்பாக ஏதோ, கரைந்த சீனிபோல. காதுக்குள் காற்று இறுகியது. கீழே வானொலி ஒலித்துக்கொண்டிருந்தது, ஆனால் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல. இடது கையின் ரோமங்கள் சிலிர்த்தன, அந்தக் கை மட்டும். யாரோ நெருங்கி நின்று வழிவிடுவதுபோல.

பிறகு எதுவும் இல்லை.

இரண்டாவது ஆணி. ஒட்டுநாடாத் துண்டு. மெழுகடைத்த துளை. அதன்மேல் நின்று திரும்பினாள். அறையின் மறுகோடியில், விளக்கொளியில், அவள் மகள். அவர்களுக்கு நடுவே வெறும் தரை. பலகைகள். பித்தளை ஆணியின் சின்ன மினுக்கம்.

குளிர் இல்லை. வாடை இல்லை. சால்வோர் சத்தமாக மூச்சுவிட்டாள், கிட்டத்தட்டச் சிரித்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. என்னைப் பாரு. தாடையைக் கொஞ்சம் இறக்கு."

கேமராவைக் கண்ணில் வைத்தாள். சட்டத்துக்குள் இல்வா வந்து உட்கார்ந்தாள். மூக்கு தன் இடத்துக்குப் போய்விட்டிருந்தது. கன்னம் அமைதியானது. பதின்மூன்று வயது முகத்துக்குள் வரப்போகும் பெண்ணின் முகம், ஒரு கணம், தெளிவாகத் தெரிந்தது. வெள்ளிக் கொக்கிகள் பின்னுக்குக் கரைந்தன. கண்ணின் ஈரத்தில் கவனத்தைக் கூர்மையாக்கினாள். எடுத்தாள்.

இன்னொன்று எடுக்க விரலை அழுத்தியபோது சட்டத்தின் ஓரத்தில் புகை படிந்தது.

சாம்பல் நிறப் புகை. நீண்ட லென்ஸில் மிகக் கிட்டத்தில் இருக்கும் எதுவும் அப்படித்தான் தெரியும், உருவமில்லாமல். அது இடமிருந்து நகர்ந்தது. இல்வாவின் கையை மறைத்தது. தோளை மறைத்தது. முகத்தை.

சால்வோர் கண்ணைக் கேமராவிலிருந்து எடுத்தாள்.

எடுத்தாளா? கையில் எதுவும் இல்லை.

எதிரே ஒரு முதுகு.

சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பூவேலை. போன குளிர்காலத்தில் அவளே பின்னியது. பின்தலையில் அவளுடைய கொண்டை ஊசி. அந்த முதுகு முதல் ஆணியை நோக்கி நடந்தது, வெகுநாள் படுக்கையில் கிடந்து எழுந்தவர் நடப்பதுபோல, ஒவ்வொரு அடியையும் தரையில் சோதித்து. கேமரா அதன் இடது கையில் தொங்கியது. இடது தோள் சரிந்திருந்தது.

இல்வா, என்றாள் சால்வோர்.

சத்தம் வரவில்லை. வாய் அசைந்ததா என்றும் தெரியவில்லை.

"காட்டு, காட்டு!" இல்வா நாற்காலியிலிருந்து குதித்து வந்தாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துத் திரையைத் திருப்பினாள். "அய்யோ அம்மா! மூக்கு! பாரேன், எப்படி இருக்கேன் நான்!"

"அழகா இருக்க," என்றது சால்வோரின் குரல். கொஞ்சம் கரகரப்பாக.

"அப்பாவுக்கு இப்பவே அனுப்பு. இல்லை, வேணாம், நானே கொண்டுபோய்க் காட்டுறேன்." பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, அவசரமாக: "அம்மா, நான் திரும்பி வந்துடுவேன். அங்க இருக்க மாட்டேன். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். உங்கூடத்தான் இருப்பேன்."

அந்தப் பெண் கையை உயர்த்தி இல்வாவின் காதோர முடியை ஒதுக்கிவிட்டாள். இடது கை. விரல்கள் கன்னத்தில் தேவைக்கு மேல் தங்கின. தோல் எப்படி இருக்கும் என்பதை நினைவுபடுத்திக்கொள்வதுபோல.

சால்வோர் முன்னால் பாய்ந்தாள்.

பாயவில்லை. கால் இல்லை என்று சொல்ல முடியாது. கால் வெகுதூரத்தில் இருந்தது. முழு உயிரையும் திரட்டித் தள்ளினாள். தரைப்பலகையின் விளிம்பு அப்படியே இருந்தது. ஒரு நகக்கண் அளவும் நகரவில்லை. முதுகில் ஜன்னல். ஜன்னலின் குளிர். இனி எப்போதும் அந்தக் குளிர்.

இல்வா அப்பத்தைப் பிய்த்து வாயில் போட்டாள். "காபி ஆறிடும்மா."

அந்தப் பெண் கோப்பையில் காபியை ஊற்றினாள். சீனிக்கிண்ணத்தைப் பார்த்தாள். அப்படியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு கட்டியை எடுத்து முன்பற்களுக்கு நடுவே கடித்துப் பிடித்து, கண்ணை மூடி, அதன் வழியாகக் காபியை மெல்ல உறிஞ்சினாள். உறிஞ்சும் சத்தம் நீண்ட அறை முழுவதும் கேட்டது. மூடிய இமைகளுக்குக் கீழே கண்ணீர் வழிந்தது.

இல்வா வாய்விட்டுச் சிரித்தாள். "எப்பலேர்ந்து நீ சீனி போட்டுக் குடிக்குற? கிழவன் மாதிரி உறிஞ்சுறியே!"

"ரொம்ப நாளாச்சு," என்றது அந்தக் குரல்.

பொருள்களை எடுத்து வைத்தார்கள். லென்ஸ் பெட்டிக்குள் போனது. கோட்டு, கம்பளித் தொப்பி, கையுறை. அந்தப் பெண் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். ஜன்னல் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. திரும்பாமலிருப்பதில் கவனமாக இருந்தாள்.

இல்வாதான் விளக்கை அணைக்க நின்றாள். சுவிட்சில் விரலை வைத்தபடி அறையை ஒருமுறை பார்த்தாள். பார்வை நாற்காலியில் தொடங்கி, பலகைகள்மேல் வந்து, ஒட்டுநாடாத் துண்டுக்கு மேலே நின்றது. நேராக. புருவம் லேசாகச் சுருங்கியது.

சால்வோர் மகளின் கண்களைப் பார்த்தாள். கேமரா இல்லை, லென்ஸ் இல்லை, இருந்தும் இவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தது. விழியின் ஈரத்தில் ஜன்னல், இருட்டத் தொடங்கிய நீலச் சதுரமாக. சதுரத்துக்குள் ஒரு கறை. ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி. சட்டம் என்றே நினைக்கும்படி.

"வா, கண்ணு," என்றது கதவருகே குரல்.

விளக்கு அணைந்தது. படிக்கட்டில் மகளின் துள்ளும் சப்பாத்துச் சத்தம் இறங்கிப் போனது. அதன் பின்னாலேயே, ஒரு பக்கம் சரிந்து நடப்பவரின் கனத்த காலடி.